இறக்கத்தில் நின்ற எஸ்தர் அக்கா

வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். வலங்கைமான் பக்கத்து எங்கள் வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. நான் வரப்பில் நின்று நாற்றுக்கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நம் படகுக் குழுவின் ஜாபர் வாத்தியார் நாகூரிலிருந்து அழைத்தார். அவர் ஃபோனில் சுற்றி வளைத்துப் பேசுகிறவர்; எடுத்ததும் குடும்பத்தில் எல்லாரும் சுகமா என்று ஒரு நிமிடம் கேட்பார். அன்றைக்கு எதுவும் கேட்கவில்லை. "சேகர் அண்ணே, எஸ்தர் அக்கா போயிட்டாங்க. காலையில நெஞ்சு வலின்னு சொல்லியிருக்காங்க, தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு" என்றார். நான் எந்த எஸ்தர் என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த எஸ்தர் ஒருவர்தான். ஆனாலும் கேட்டேன்.

இதைப் படிக்கப் போகிற பெரும்பாலானோர் ஞாயிற்றுக்கிழமைகளில் நம் ஏரிக்குப் படகோடு வருகிறவர்கள். அக்காவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: மஸ்கட்டில் இருபது வருடத்துக்கு மேல் நர்ஸாக வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர் அவர். திருவாரூருக்குக் கிழக்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற கடைமடைக் கிராமம் ஒன்றில் பிறந்தவர், லுத்தரன் குடும்பம். தஞ்சாவூரில் வீடு கட்டிக்கொண்டு தனியாக இருந்தார். நீல நிறத்தில், துடுப்புப் போடுகிற சின்னப் படகு ஒன்று வைத்திருந்தார். படகை வண்டியின் பின்னால் இழுத்து வந்து ஏரிக்குள் விடுவதற்கு ஒரு சிமெண்டுச் சரிவு இருக்கிறதே, நாம் 'இறக்கம்' என்போமே, அங்கேதான் அவரை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அந்த இறக்கத்தில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போக முடியும். நம் சண்டை அத்தனையும் அதனால்தான்.

நான் அவரை முதலில் சந்தித்ததும் அங்கேதான். அன்றுதான் என் ஃபைபர் படகைப் புதிதாகக் கொண்டுவந்திருந்தேன். வண்டியை இறக்கத்தின் நடுவில் நிறுத்திவிட்டு, கயிற்றை அவிழ்த்து, ஐஸ் பெட்டியை ஏற்றி, பெட்ரோல் ஊற்றி, தொப்பியைத் தேடி, நிதானமாக ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருந்தேன். பின்னால் ஏழெட்டு வண்டிகள் நின்றன. ஹாரன் அடித்தவர்களைத் திரும்பி முறைத்தேன். ஒரு அம்மாள் சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கி வந்தார். "தம்பி, ஒண்ணு தெரிஞ்சிக்கலாமா? கல்யாண மண்டபத்து வாசப்படியில நின்னுகிட்டுதான் நீங்க வேட்டி கட்டிப்பீங்களா?" என்றார். குரலில் கோபமே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் கேட்கிற மாதிரி கேட்டார். பின்னால் ஒருவர் சிரித்துவிட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனாலும் அடுத்த வாரத்திலிருந்து எல்லாவற்றையும் மேட்டிலேயே முடித்துக்கொண்டுதான் இறங்கினேன்.

எனக்கு அந்த அம்மாளைப் பற்றி ஒரு விஷயம் புரியவே இல்லை. தன் படகை இறக்கியதும் அதைக் கரையோரக் கம்பத்தில் கட்டிவிடுவார். பிறகு பத்து மணி வரை இறக்கத்தின் ஓரத்திலேயே நிற்பார். யார் வண்டி வளைகிறது, எந்தச் சக்கரம் விளிம்புக்குப் போகிறது என்று பார்த்துச் சொல்வார். படகில் ஏறுவதே இல்லை. ஒன்றிரண்டு மாதம் கவனித்துவிட்டு, பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"அக்கா, நீங்க ஏன் தண்ணிக்குள்ள போறதில்ல?"

"எனக்கு நீச்சல் தெரியாது. பயம்."

"அப்ப எதுக்குப் படகு வாங்குனீங்க?"

"படகு இல்லாம இங்க வந்து நின்னா, வேடிக்கை பாக்க வந்த கிழவின்னு நீங்கள்லாம் வெரட்டிடுவீங்கல்ல."

இதைவிட நேரான பதிலை நான் யாரிடமும் வாங்கியதில்லை. அவருக்குத் தண்ணீரில் ஆசை இல்லை, மனிதர்களில்தான் ஆசை. "ஏரி நடுவுல போயிட்டா எல்லாரும் நல்லவங்கதான் தம்பி, கை ஆட்டிக்குவாங்க. இந்த நாப்பது அடி சரிவுலதான் யாரு என்னன்னு தெரியுது" என்பார். கணவன் ஓட்ட, மனைவி பின்னால் நின்று கை காட்டி ரிவர்ஸ் எடுக்கிற ஜோடிகள் என்றால் அவருக்கு உயிர். "லெஃப்ட்டுன்னா யாரு லெஃப்ட்டு, உன் லெஃப்ட்டா என் லெஃப்ட்டா" என்ற சத்தம் கேட்டதும் நகர்ந்து பக்கத்தில் போய் நின்றுகொள்வார். ஆனால் அவர்கள் முன் ஒருநாளும் சிரித்ததில்லை. சண்டை முற்றினால் மட்டும், "ஒரு ஆளு கை காட்டுனா போதும், மத்தவங்க வாயை மூடுங்க" என்று சுற்றி நிற்கிறவர்களை அதட்டுவார். அதன் பிறகு அந்த வண்டி ஒழுங்காக இறங்கிவிடும்.

'கடைமடைக்கு முதல்ல' என்று நாம் இன்றும் பின்பற்றுகிற வழக்கம் அவர் கொண்டுவந்ததுதான். வரிசையில் யார் ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதவரோ, யார் புதியவரோ, அவர்தான் முதலில் இறங்க வேண்டும். இதை முதலில் கேட்டபோது எனக்குக் கிறுக்குத்தனமாகத்தான் பட்டது. விடிந்ததும் வந்தவன் நிற்க, எட்டு மணிக்கு வந்தவன் போவதா? அக்கா விளக்கினார்: "வாய்க்கால்ல தண்ணி வுட்டா தலைமடைக்காரன் வயலுக்கு எப்படியும் பாஞ்சிடும். கடைசி வயலுக்குத்தான் வந்து சேராது. எங்கப்பா வாய்க்காலையே பாத்துகிட்டு உக்காந்திருப்பாரு. இங்கயும் அதுதான். கெட்டிக்காரங்கள்லாம் முதல்ல எறங்கிப் போயிட்டா, தெரியாதவன் மாட்டிக்கிறப்ப கை கொடுக்க கரையில யாரு இருப்பா?" நான் விடவில்லை. "அக்கா, இந்த ஊர்லயே ரிவர்ஸ் எடுக்கத் தெரியாத ஆளு நீங்கதான். உங்களுக்காகத்தானே இந்தச் சட்டம்?" என்றேன். "ஆமா. அதுக்கென்ன இப்ப?" என்றார். அவர் வண்டி உண்மையிலேயே பாம்பு மாதிரிதான் பின்னால் போகும்.

இனிமேல் எழுதப் போவது எனக்குக் கஷ்டமானது. உங்களில் பலருக்கு இது புதிய செய்தியாகவும் இருக்கும்.

என் மனைவி வாசுகிக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துபோனதும், அதன் பிறகு கை திரும்பி, காலில் மட்டும் உணர்ச்சி வராமல் நின்றதும் உங்களுக்குத் தெரியும். நான் படகு வாங்கியதே அவளுக்காகத்தான். கல்யாணம், கோயில், எங்கே போனாலும் அவள் காலை எல்லாரும் பார்ப்பார்கள். படகில் எல்லாரும் உட்கார்ந்துதான் இருப்பார்கள், அவளும் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் அவளே இதைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஐந்து மணிக்கே தலை சீவி உட்கார்ந்துவிடுவாள்.

போன வருடம் காணும் பொங்கல் அன்று ஏரியில் கூட்டம் எப்படி இருந்தது என்று நினைவிருக்கிறதா? கரையெல்லாம் கட்டுச்சோறு, இறக்கத்திலிருந்து ரோடு வரை வண்டிகள். நான் விடிகாலையில் வந்து முதலில் நின்றேன். எனக்குப் பின்னால் நாலாவதாக ஜாபர் வாத்தியார், இரவல் வாங்கிய படகோடு, முதல் தடவையாக வந்திருந்தார். அக்கா என் ஜன்னலில் தட்டினார். "தம்பி, வாத்தியார் புதுசு. அவர் போகட்டும். நீங்க கூட நின்னு பாத்துக்குங்க" என்றார். வாசுகி ஏற்கெனவே படகில் ஏறி உட்கார்ந்திருந்தாள். அவளால் கரையிலிருந்து ஏற முடியாது என்பதால் மேட்டிலேயே தூக்கி உட்காரவைத்துத்தான் இறக்குவேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. "எனக்கும் கண்ணு இருக்கு, யாரு முதல்ல வந்தான்னு தெரியும்" என்று சொல்லிவிட்டு வண்டியைப் பின்னால் எடுத்தேன். அக்கா ஒதுங்கிக்கொண்டார்.

நம்மிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. ஒரு படகு இறங்கும் முன் அடுத்த வண்டிக்காரர் வந்து அதன் பின்புறத்தைக் குனிந்து பார்ப்பார். படகைக் கழுவிய தண்ணீர் வெளியேற அடியில் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு ஓட்டை உண்டு. அதை ஒரு ரப்பர் பிளக்கால் அடைத்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார். அன்று நான் முறைத்துக்கொண்டு இறங்கியதால் யாரும் கிட்டே வரவில்லை. படகை மிதக்கவிட்டு, நீளக் கயிற்றில் கம்பத்தோடு கட்டிவிட்டு, வண்டியை நிறுத்த மேட்டுக்குப் போனேன். நிறுத்தி இறங்கித் திரும்பிப் பார்த்தால், படகின் பின்பக்கம் தண்ணீருக்குள் இருந்தது. வாசுகியின் செருப்பு ஒன்று தனியாக மிதந்தது. "என்னங்க, என்னங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த இடத்தில் ஆழம் கழுத்தளவுதான். ஆனால் ஒரு கால் நிற்காத ஆளுக்கு அது போதும். நான் ஓடி வருவதற்குள் ஜாபர் வாத்தியார் சட்டையோடு குதித்து அவளைத் தூக்கிப் பிடித்திருந்தார். கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு தண்ணீருக்குள் நின்றது யார் தெரியுமா? எஸ்தர் அக்கா. நீச்சல் தெரியாதவர், கழுத்து வரை இறங்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு இழுத்தார். கரைக்கு வந்த பிறகும் கொஞ்ச நேரம் அவர் கண்ணைத் திறக்கவில்லை.

எப்படி ஆனது என்று எல்லாரும் கேட்டீர்கள். மேட்டிலிருந்து பார்த்த அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. முதல் நாள் மாட்டுப்பொங்கல். மாட்டைக் கழுவி, டிராக்டரைக் கழுவி, கூடவே படகையும் கழுவினோம். தண்ணீர் வடியட்டும் என்று பிளக்கைப் பிடுங்கினேன். எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தபோது படகுக்கும் வைத்தேன், திறந்திருந்த அந்த ஓட்டைக்கும் வைத்தேன், பிளக்குக்கும் வைத்தேன். வைத்து, சூடத்தட்டில் போட்டு, சாமி அறைக்குக் கொண்டுபோனேன். அது அங்கேயே இருந்தது. இத்தனையும் ஒரு நொடியில் கண் முன்னால் வந்தது. ஆனால் வாய் வேறு சொன்னது. "பிளக்கு கழண்டிடுச்சு போலருக்கு" என்றேன்.

வாசுகி துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். "என் காலுதான் தட்டி விட்டிருக்கும். அங்கதானே வச்சிருந்தேன். அதுக்குத்தான் ஒரு இழவும் தெரியாதே" என்றாள்.

பிளக்கை உள்பக்கமிருந்துதான் அடைப்போம். அவள் கால் வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில். அதனால் எல்லாரும் நம்பினீர்கள். ஒவ்வொருவராக வந்து, "பரவால்லம்மா, தெரியாம நடந்ததுதானே" என்று அவளைத் தேற்றினீர்கள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அக்கா மட்டும் தேற்றவில்லை. ஈரச் சேலையோடு, கரையேற்றிய படகின் பின்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, அந்த ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டார். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகக்கண்ணில் சிவப்பு ஒட்டியிருந்தது. என்னைத் தனியே கூப்பிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்: "உள்ள பிளக்கு இருந்திருந்தா ஓட்டைக்குள்ள குங்குமம் எப்படிப் போவும் தம்பி?" "பிளக்குக்கும் பொட்டு வச்சீங்களா?" என்றார். தலையாட்டினேன். அந்த நேரத்திலும் அவர் முகத்தில் ஒரு ஆச்சரியம் வந்து போனதைப் பார்த்தேன். பிறகு, "வாசுகிகிட்ட சொல்லிடுங்க" என்றார்.

நான் சொல்லவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று போனது. இதற்கிடையில் வாசுகி நடைப்பயிற்சியை நிறுத்திவிட்டாள். "இந்தக் கால நம்பி எப்படிங்க ஊனுறது? ஆளையே முக்கிட்டு, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு கெடக்கு" என்பாள். ஏரிக்கு வர மறுத்துவிட்டாள். சனிக்கிழமைகளில் அக்கா பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்து, அவள் அக்குளில் கை கொடுத்து எழுப்பி நிறுத்துவார். நாலு எட்டு வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள். அக்கா கிளம்பும்போது நான் வாசல் வரை போவேன். செருப்பை மாட்டிக்கொண்டே கேட்பார்: "சொல்லிட்டீங்களா?" நான் தலையைச் சொறிவேன். "சரி" என்று போய்விடுவார். வருடம் முழுக்க இதுதான் நடந்தது.

ஒருநாள் எரிச்சலில் கத்திவிட்டேன். "அவ நடக்கணும்னு உங்களுக்கு அவ்வளவு அக்கறை இருந்தா நீங்களே சொல்லிடுங்களேன்!" அக்கா யோசித்துவிட்டுச் சொன்னார்: "சொல்லலாம். ஆனா அப்புறம் ரெண்டு பேருக்கும் நடுவுல நான் வந்து உக்காந்துடுவேன். அவங்க என்னைத்தான் நம்புவாங்க, உங்களை நம்ப மாட்டாங்க. அப்புறம் அவங்களை எழுப்பி நிறுத்த நீங்க கை கொடுத்தா புடிப்பாங்களா?" இந்த விஷயத்தில் அக்காவோடு எனக்கு இன்றும் சண்டை உண்டு. ஒரு நர்ஸ், நோயாளி நடக்காமல் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடியிருந்தது சரியா? என் மேல் வைத்த நம்பிக்கையை அவர் கொஞ்சம் குறைத்து வைத்திருக்கலாம். ஆனால் தப்பு என்னுடையது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை என்பதும் தெரியும்.

வெள்ளிக்கிழமை அடக்கம். நீங்கள் எல்லாரும் வந்திருந்தீர்கள். படகு கட்டுகிற கயிற்றையே வளையமாகச் சுற்றிப் பூ வைத்துக் கொண்டுவந்திருந்தார் ஜாபர் வாத்தியார். நானும் வாசுகியும் ஏன் அவ்வளவு நேரம் கழித்து வந்தோம் என்று பின்னால் சிலர் கேட்டீர்கள். ட்ராஃபிக் என்று சொன்னேன். அதுவும் பொய்தான். நாங்கள் நேரத்துக்கே வந்துவிட்டோம். கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு வெளியே, வண்டிக்குள் இருந்தோம்.

நான் இறங்கி, அவள் பக்கக் கதவைத் திறந்து கை நீட்டினேன். வாசுகி வரவில்லை. "நீங்க போய்ட்டு வாங்க. உள்ள மேடு பள்ளமா இருக்கும். இந்தக் காலு யாரையாவது தட்டி விட்டுடும். அக்கா அடக்கத்துல அந்தக் கூத்து வேணாம்" என்றாள். அழுதுகொண்டே சொன்னாள். உள்ளே பாட்டு ஆரம்பித்துவிட்டது. அவள் பக்கத்தில், ரோட்டில், முட்டி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மாடு கழுவியது, பொட்டு வைத்தது, தட்டு, நான் சொன்ன பொய், அக்காவின் விரல், எல்லாம்.

அவள் திட்டவில்லை. "பிளக்கு எங்க இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

"சாமி ரூம்ல."

"அன்னைக்கு ராத்திரி நான் அங்கதானே விளக்கேத்துனேன்?"

"நான் அதுக்கு முன்னாடியே எடுத்து ஒளிச்சிட்டேன்."

வாசுகி குனிந்து, இரண்டு கையாலும் அந்த இடது காலைப் பிடித்துத் தூக்கி மடிமேல் வைத்துக்கொண்டாள். பாதத்தைத் தடவினாள். புடவையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள்.

"அப்ப இது பண்ணலையா?" என்றாள்.

"இல்ல."

"இது ஒண்ணுமே பண்ணலையா?"

"இல்ல வாசுகி."

காலைக் கீழே இறக்கினாள். "புடிங்க. நான் அக்காவைப் பாக்கணும்" என்றாள். வாசலிலிருந்து குழி வரை நடந்தாள். எத்தனை முறை நின்றாள் என்று நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆனால் உட்காரவில்லை. மண் போட்டபோது என் கையை விட்டுவிட்டு, தானே நின்று போட்டாள்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. சாப்பாடு வைக்கிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், அவ்வளவுதான். காலையில் வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். பக்கத்தில் போனால், "தள்ளி நில்லுங்க" என்கிறாள். தள்ளித்தான் நிற்கிறேன். விழப்போனால் பிடிக்கிற தூரத்தில்.

அன்று கரையில் அவளிடம் "பரவால்லம்மா" என்று சொன்னவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் ஆள் மாற்றி மன்னித்துவிட்டீர்கள். முடிந்தால் ஒருமுறை வீட்டுக்கு வந்து அவளிடம் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். என்னை என்ன செய்வது என்று பிறகு யோசிக்கலாம்.

எஸ்தர் அக்காவின் நீலப் படகை அவர் தம்பி மகன் எடுத்துக்கொண்டார். எனக்கு அவரிடமிருந்து பொருள் எதுவும் வேண்டாம். என்னிடம் இருப்பது ஒரு கேள்விதான். சனிக்கிழமை சனிக்கிழமையாக, செருப்பை மாட்டிக்கொண்டு, பதில் தெரிந்தும், கோபிக்காமல் கேட்ட கேள்வி. அதைக் கேட்க இனி அவர் வரமாட்டார். சொல்லிவிட்டேன், அக்கா. அவளிடமும் சொல்லிவிட்டேன், இதோ இவர்களிடமும் சொல்லிவிட்டேன். நீங்கள் இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டும்.